ரெண்டு படி கூட

கடைசிக் கலியாணம் களுவாஞ்சிகுடியில், வைகாசி.
தாலி ஏறும் கணத்தில்
என் விரல் அழுத்தவில்லை.
கமராவில் பழுதில்லை, பற்றரியும் நிறைய இருந்தது.
மேளகாரர் கெட்டிமேளத்தை முடித்து
நெற்றியைத் துடைத்த பிறகுதான்
நான் எடுக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது.
"ஒருக்கா திரும்பக் கட்டுங்க" என்றேன்.
மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு
கட்டிய முடிச்சின் மேல் சும்மா கை வைத்தார்.
அல்பத்தில் அதுதான் தாலிகட்டு.
இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒன்பது வருஷம்.
ஆரையம்பதியில் வீடு, நடந்து போனால் காத்தான்குடி.
பொம்பிளை என்பதால்
ஆண்கள் நுழையாத அறைகளுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
எடுத்ததை அங்கேயே இறக்கிக் கொடுத்து
கார்டை அழித்துக் காட்டிவிட்டு வருவேன்.
என் ஆகச் சிறந்த படங்கள்
யார் யாருடையவோ அலுமாரிகளில்
சேலைக்கு அடியில் கிடக்கின்றன.

சனி சாமத்திய வீடு, ஞாயிறு கலியாணம்,
மற்ற நாளெல்லாம் கணினி.
இரவு ஒன்றரைக்கு ஒரு தகவல் வரும்:
"அக்கா, நிறத்த ரெண்டு படி கூட்டுங்களன்."
கூட்டினேன்.
செட்டிபாளையத்து வேணுஜாவை,
குருக்கள்மடத்து இரட்டைப் பிள்ளைகளை,
மகிழடித்தீவில் கதிர் பொறுக்கிக் கறுத்த ஒரு தாயை
(அவ கேட்கவில்லை, மகள் கேட்டாள்)
எல்லாரையும் ஒரே கோதுமை மாவில் குழைத்தெடுத்தேன்.
மிச்சக் காசு?
"அல்பம் தரக்குள்ள தாறம்."
அல்பம் கொடுத்த பிறகு
போன் எடுக்க மாட்டார்கள்.
லீசிங்காரன் மட்டும் தவறாமல் எடுப்பான்.

பெரியப்பாவின் செத்த வீட்டில்
அவர் கன்னத்தில் விழுந்த சன்னல் வெளிச்சம்
நல்லாயிருக்கு என்று நினைத்தேன்.
அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.
அதுவும் கொஞ்சம்.

ஆனியில் எல்லாவற்றையும் ஏறாவூர் றிம்ஸானுக்கு விற்றேன்.
லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சணம் தேடினார். இல்லை.
"வேற நல்லது எடுக்கப் போறீங்களா அக்கா?"
இல்லை என்றேன். நம்பவில்லை.
அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
மீன்தலை போடும்போது பூனையிடம் கேட்டா:
"இனி என்ன செய்யப் போறாவாம்?"
பூனைக்கும் தெரியவில்லை.

பத்து நாள் படுத்தேன்.
பதினோராம் நாளும் படுத்தேன்.

ஆடியில் பழுகாமத்திலிருந்து ஒருவர் வந்தார்.
நாலு வருஷத்துக்கு முந்தி தங்கச்சியின் கலியாணம்,
நான் எடுத்ததாம்.
அப்பா போன மாதம் மோசம் போயிட்டார்,
அடையாள அட்டைப் படம் தவிர வேறொன்றுமில்லை,
அல்பத்தில் அவரைக் காணவில்லை,
உங்களிட்ட எங்கயாவது?
ஹார்ட் டிஸ்க்கில் ரெண்டாயிரத்துச் சொச்சம் படங்கள்.
விளக்கு வைக்கும் நேரம் வரை பார்த்தோம்.
ஒன்றே ஒன்று:
பொம்பிளையின் தோளுக்குப் பின்னால்
வெற்றிலைத் தட்டோடு ஒரு வெள்ளைச் சட்டை,
முகம் நீரில் கரைந்த மாதிரி.
கரைத்தது நான்தான்.
பின்னால் நிற்பவர்களைக் கரைக்கத்தான்
அந்த லென்ஸை அவ்வளவு விலைக்கு வாங்கினேன்.

அவர் கனநேரம் பார்த்தார்.
"ஓம். இப்பிடித்தான் நிப்பார்,
ஒரு காலில பாரம் போட்டு."
கணினித் திரையைத் தன் போனில் படம் பிடித்தார்,
என் மேசை விளக்கின் பளபளப்பும் சேர்த்து.
திருத்தித் தரவா என்று
வாய்வரை வந்தது.
விட்டேன்.
தேத்தண்ணி குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

அன்றிரவு கிணற்றடியில்
முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்த்தால்
கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு
ஒரு வெளிறல்:
ஒன்பது வருஷம் கமராப் பட்டி கிடந்த இடம்.
எல்லாரும் என்னிடம் கேட்ட நிறம்
அதுதான், அச்சொட்டாக.

இப்போது சந்தைக்குக்
குடை பிடிக்காமல் போகிறேன்.